வாசகர் கேள்வி – பதில்: துன்பியல் நாயகன் யார்?

சென்ற இதழில் ஈடிப்பஸ் மன்னன் என்ற பழைய கிரேக்க நாடகம் (தந்தை என்று அறியாமல் தீப்ஸ் நகரத்து அரசனைக் கொன்று, தாய் என்று அறியாமல் அரசி யொகாஸ்தாவை மணந்தவனின் கதை) பற்றி வெளியான சிறு குறிப்பைப் படித்துவிட்டு, துன்பியல் நாயகன் என்ற பொருள் குறித்து மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வாசகர்கள் பலர் எழுதியிருந்தனர். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றை ஒன்றாக்கிப் பதில் தந்துள்ளோம்.

களுவாஞ்சிகுடியிலிருந்து உயர்தர மாணவி ஒருவர்: நாடகமும் அரங்கியலும் பாடத்துக்கு நாங்கள் எழுதிய குறிப்பில், "துன்பியல் நாயகன் உயர்குடியில் பிறந்தவன், அவனிடம் ஒரு குறை இருக்கும், அந்தக் குறையால் வீழ்ந்து இறப்பான்" என்று உள்ளது. ஈடிப்பஸின் குறை கோபம் என்று சிலரும், அகந்தை என்று சிலரும் சொல்கிறார்கள். எது சரி, ஐயா?

குறிப்பைப் பிழை என்று தள்ளிவிட முடியாது. நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் அவ்வளவுதான் அடங்கும். ஆனாலும் அதில் இரண்டு இடங்கள் உங்களை வழிதவறச் செய்யும். முதலாவது இடம் இறப்பு. சொபோகிளிஸ் எழுதிய இந்த நாடகம் முடியும்போது ஈடிப்பஸ் உயிரோடுதான் இருக்கிறான். யொகாஸ்தா தூக்கிட்டு இறந்தபின், அவளுடைய ஆடையில் குத்தியிருந்த பொன் ஊசிகளைப் பிடுங்கித் தன் கண்களைக் குத்திக்கொண்ட அவன், தன்னை நாடுகடத்தும்படி அவளுடைய உடன்பிறந்தவனான கிரெயோனிடம் கேட்டு நிற்கிறான். அவன் முதியவனாகிக் கொலோனஸ் என்ற இடத்தில் மறைவதைச் சொல்ல, சொபோகிளிஸ் தம் தள்ளாத வயதில் இன்னொரு நாடகம் எழுதினார். ஆகவே துன்பியலுக்கு வேண்டியது வீழ்ச்சி. சாவு அந்த வீழ்ச்சியின் ஒரு வகை மட்டுமே.

இரண்டாவது இடம் குறை. கிரேக்க மெய்யியலாளர் அரிஸ்டோட்டில் தம் கவிதையியல் நூலின் 13ஆம் அதிகாரத்தில் சொல்வது இதுதான்: முழுக்க நல்லவன் ஒருவன் வீழ்ந்தால் நமக்கு மனம் வெறுத்துப்போகும், கொடியவன் வீழ்ந்தால் "வேண்டியதுதான்" என்று இருந்துவிடுவோம், இந்த இருவருக்கும் இடைப்பட்ட ஒருவன், பெரும் புகழோடு வாழ்ந்தவன், தீய குணத்தால் அல்லாமல் ஏதோ ஒரு பிழையால் வீழும்போதே இரக்கமும் அச்சமும் ஒருங்கே பிறக்கும். அவர் சுட்டுவது செயலில் நேரும் பிழையையே என்றும், குணத்தில் ஒட்டிக்கொண்ட நோயை அல்ல என்றும்தான் இன்று அறிஞர் பலர் கொள்கின்றனர். பள்ளிக்கூடக் குறிப்புகளில் அந்தப் பிழை எப்படியோ குணக்கேடாக மாறிவிட்டது.

ஈடிப்பஸ் கோபக்காரன் என்பது உண்மைதான். மூன்று பாதைகள் கூடும் இடத்தில் முன்பின் அறியாத ஒரு முதியவரை அடித்துக் கொன்றவன் அவன். ஆனால் அந்தக் கொலை, நாடகம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நடந்து முடிந்துவிட்டது. அரங்கில் நாம் காண்பது, கொள்ளைநோயில் செத்துக்கொண்டிருக்கும் தன் மக்களுக்காக, பழைய அரசனைக் கொன்றவனைத் தேடிப் பிடிக்கப் புறப்பட்ட ஒரு நல்ல அரசனை. ஸ்பிங்ஸ் என்ற கொடிய உருவத்தின் விடுகதையை அவிழ்த்துத் தீப்ஸ் நகரைக் காத்த அதே கூர்மைதான் இப்போது அவனைக் கொண்டுபோய்க் குழியில் தள்ளுகிறது.

கடைசி விசாரணையைக் கவனமாகப் படியுங்கள். பச்சிளங்குழந்தையாக இருந்த ஈடிப்பஸை மலையில் விடக் கொண்டுபோன கிழ இடையன் முன்னால் நிற்கிறான். உண்மையை உணர்ந்துகொண்ட யொகாஸ்தா, "மேலே கேட்க வேண்டாம்" என்று மன்றாடிவிட்டு ஏற்கெனவே உள்ளே போய்விட்டாள். "சொல்லக்கூடாத அந்த இடத்துக்கு வந்துவிட்டேனே" என்று இடையன் அலறுகிறான். "நானும் கேட்கக்கூடாத இடத்துக்கு வந்துவிட்டேன், ஆனாலும் கேட்டே ஆக வேண்டும்" என்கிறான் ஈடிப்பஸ். அந்த ஓர் அடியோடு விசாரணையை நிறுத்தியிருந்தால் அவன் அரசனாகவே இருந்திருக்கலாம். ஆனால் அவன் ஈடிப்பஸாக இருந்திருக்கமாட்டான். பரீட்சையில் கோபம் என்று எழுதினாலும் புள்ளி கிடைக்கக்கூடும். இந்த இடத்தை எடுத்துக்காட்டி எழுதினால் விடைத்தாளைத் திருத்துபவர் ஒருகணம் பேனாவைக் கீழே வைப்பார்.

அக்கரைப்பற்றிலிருந்து ஆங்கில ஆசிரியர் ஒருவர்: அப்படியானால் ஷேக்ஸ்பியரின் மக்பெத் எப்படித் துன்பியல் நாயகன் ஆகிறான்? தன் வீட்டுக்கு விருந்தாக வந்த அரசனை உறக்கத்தில் கொன்றவன் அல்லவா?

அரிஸ்டோட்டிலின் அளவுகோலை அப்படியே வைத்தால் மக்பெத் அதில் அடங்கமாட்டான். ஆனால் அந்த அரசன் டங்கனைக் கொல்வதற்கு முன் அவன் தனித்து நின்று பேசுவதைப் பாருங்கள். டங்கன் என் உறவினர், என் அரசர், என் விருந்தாளி. அவரைக் கொல்ல வருகிறவனுக்குக் கதவை அடைக்க வேண்டிய நானே கத்தி எடுக்கலாமா என்று, கொலைக்கு எதிரான வழக்கை அவனே வாதாடுகிறான். தீமை என்று தெரியாமல் செய்தவனும் அல்லன், தீமையில் களித்தவனும் அல்லன். கொன்ற கையின் இரத்தம் காய்வதற்குள், "மக்பெத் உறக்கத்தைக் கொன்றுவிட்டான்" என்று ஒரு குரல் அவன் காதில் கேட்டுவிடுகிறது. ஷேக்ஸ்பியரின் இன்னொரு கொலைகார மன்னனான மூன்றாம் ரிச்சர்டுக்கு இந்த வேதனை போர்முனைக்கு முந்திய இரவில்தான் வருகிறது; மக்பெத்துக்கோ கொலைக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அவனை நாம் மன்னிப்பதில்லை. ஆனாலும் அவனுக்குள் இருந்து பார்க்கிறோம். அதுவே அவனை நாயகனாக்குகிறது.

உங்கள் அயலூரான காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள், ஷேக்ஸ்பியரைச் செகசிற்பியார் என்று அழைத்து, அவருடைய நாடகங்கள் பன்னிரண்டை மதங்கசூளாமணியில் ஆராய்ந்தார். 1926இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட அந்நூலைத் தேடிப் படியுங்கள். மேல்நாட்டு நாடகத்தை நம்முடைய சுவை இலக்கணத்தால் அளந்து பார்க்கும் துணிவு அதில் இருக்கிறது. வகுப்பில் மக்பெத் கற்பிக்கும் உங்களுக்கு அது கட்டாயம் உதவும்.

தம்பிலுவிலிலிருந்து ஒரு வாசகர்: வைகாசிச் சடங்கில் ஆண்டுதோறும் கண்ணகி வழக்குரை கேட்டு வளர்ந்தவன் நான். சிலப்பதிகாரத்தின் துன்பியல் நாயகன் கோவலன் என்றுதான் நினைத்திருந்தேன். என் மகனோ பாண்டியன்தான் என்று வாதாடுகிறான். தங்கள் கருத்து என்ன?

என் வாக்கு உங்கள் மகனுக்கே.

கோவலன் நம் இரக்கத்துக்கு உரியவன் என்பதில் ஐயமில்லை. செல்வத்தைத் தொலைத்து, மனைவியின் சிலம்பை விற்று வாழ்வைத் திரும்பத் தொடங்க வந்த இடத்தில், கல்லாக் களிமகன் ஒருவனின் வாளுக்கு இரையானவன். ஆனால் தன்னை வீழ்த்தியது எது என்பதை அறியாமலே அவன் விழுகிறான். பொற்கொல்லனின் சூழ்ச்சியும் அவனுக்குத் தெரியாது. அரண்மனையில் நடந்ததும் தெரியாது. அவனுடைய தவறுகள் புகாரில் நடந்தவை. அவற்றுக்காக அவன் வருந்தியும் முடித்துவிட்டான். மதுரையில் அவனுக்கு நேர்ந்தது வேறொருவன் செய்த பிழை.

அந்தப் பிழை நடந்த இடத்தை இளங்கோ மிகத் துல்லியமாகக் காட்டுகிறார். கூத்தியரின் ஆடலையும் பாடலையும் அரசன் கண்டு களித்ததனால் ஊடல் கொண்ட கோப்பெருந்தேவி, தலைநோவு என்று சொல்லி எழுந்து போய்விடுகிறாள். அவளைத் தணிக்கப் போகும் அரசன் "மந்திரச் சுற்றம் நீங்கி", அதாவது அமைச்சரை விட்டுவிட்டு, அந்தப்புரத்து வாயிலுக்கு வருகிறான். அந்த வாசலில்தான் பொற்கொல்லன் காலில் விழுகிறான். சிலம்பு கள்வனிடம் இருந்தால் "கொன்று அச்சிலம்பு கொணர்க" என்ற ஆணை, அரசவையில் அல்ல, மனைவியின் கதவடியில், மனம் வேறெங்கோ இருந்தபோது பிறந்தது. "வினைவிளை காலம் ஆதலின்" என்று ஊழைச் சொன்ன இளங்கோ அத்தோடு நிறுத்தவில்லை. "தேரான் ஆகி" என்று அரசனின் பொறுப்பையும் சேர்த்தே சொல்கிறார். ஆராயாமல் விட்டான் என்பதுதான் அவன் பிழை, கொடுங்கோலன் என்பதல்ல. பின்னர் கண்ணகி வந்து "தேரா மன்னா" என்று விளிக்கும்போது அதே குற்றச்சாட்டு அவன் முகத்துக்கு நேரே வருகிறது.

இனி வழக்கைப் பாருங்கள். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. அரசன் என்ன செய்கிறான்? "தேமொழி உரைத்தது செவ்வை நன்மொழி" என்று பாராட்டிவிட்டு, "யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே" என்று தானே வாக்குமூலம் கொடுத்து, சிலம்பைக் கொண்டுவரச் சொல்கிறான். சிலம்பு உடைவதற்கு முன்பே தனக்கு எதிரான சாட்சியத்தைத் தன் வாயாலேயே பதிவு செய்துவிடுகிறான். மறைக்க நினைத்தவனாக இருந்திருந்தால் அந்த ஒரு வரியை விழுங்கியிருக்கலாம். மணி தெறித்தபின் அவன் பொற்கொல்லனைப் பிடித்துவரச் சொல்லவில்லை, விதியை நோகவில்லை. பொற்கொல்லன் சொற்கேட்ட "யானோ அரசன் யானே கள்வன்" என்று தீர்ப்பையும், "கெடுகவென் ஆயுள்" என்று தண்டனையையும் தானே சொல்லி விழுகிறான். உண்மையை அறிவதும் நிலை தலைகீழாவதும் ஒரே கணத்தில் நிகழ்வதே சிறந்த துன்பியல் என்று ஈடிப்பஸை உதாரணம் காட்டினார் அரிஸ்டோட்டில். அடையாளப் பொருள்களைக் காட்டி உண்மையை அறியவைப்பதை அவர் தாழ்ந்த உத்தியாகவே மதித்தார் என்பதும் உண்மை. ஆனால் இங்கே அந்த அடையாளத்தைத் "தருக" என்று கேட்டு வாங்கியவன் பாண்டியனே அல்லவா?

நீங்கள் கோவலனுக்காக அழுததில் பிழை ஏதும் இல்லை. வழக்குரை கோயிலில் பாடப்படுவது. அங்கே கேட்பவர் நெஞ்சு அம்மனின் பக்கமே நிற்கும், நிற்கவும் வேண்டும். எதிர்ப்பக்கத்தில் நின்றவனின் மனத்துக்குள் போக, சிலப்பதிகாரத்தை வீட்டில் தனியே எடுத்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

மண்டூரிலிருந்து ஒரு வாசகி: வடமொழி நாடகத்தில் துன்பியலே இல்லை என்கிறார்களே?

பெரும்பாலும் உண்மை. மரணத்தை அரங்கில் காட்டுவதை நாட்டிய சாத்திர மரபு விலக்கியது. நாடகங்களும் மங்களமாகவே முடிந்தன. ஆனால் வடமொழி நாடகாசிரியர் பாசன் எழுதியதாகக் கொள்ளப்படும் ஊருபங்கத்தில், பீமனால் தொடை முறிக்கப்பட்ட துரியோதனன் நம் கண்ணெதிரே இறக்கிறான். வழக்கம்போல் மடியில் ஏறி உட்கார வரும் சிறு மகனை, தொடை இல்லாததால் உட்கார வேண்டாம் என்று தடுக்கும் இடம் ஒன்று போதும். திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரி 1912 முதல் இந்நாடகங்களைப் பதிப்பிக்கும்வரை உலகம் அவற்றை ஏறத்தாழ மறந்தே இருந்தது.

வந்தாறுமூலையிலிருந்து கூத்தில் ஈடுபாடுள்ள ஒருவர்: எங்கள் பக்கத்து வடமோடிக் கூத்தில் கர்ணனைப்போல் சனத்தை அழவைத்த வேடம் வேறில்லை. ஆனால் கர்ணனின் அழிவுக்குக் காரணம் பிறர் இட்ட சாபமும் கண்ணனின் தந்திரமும்தானே? அவன் செய்த பிழை என்ன?

நல்ல கேள்வி. கர்ணனை வெறும் சாபத்துக்கு இரையானவன் என்று கொண்டால், அவன் பரிதாபத்துக்கு உரியவனே தவிரத் துன்பியல் நாயகன் அல்லன் என்றாகிவிடும். பரசுராமர் சாபம், பசுவை இழந்த அந்தணர் சாபம், இந்திரன் வாங்கிப்போன கவசகுண்டலம், குந்தி பெற்ற வரம், பள்ளத்தில் அழுந்திய தேர்ச்சில்லு என்று அடுக்கினால் அப்படித்தான் தோன்றும்.

ஆனால் கூத்து ஆடும் களரியில் கர்ணன் போர் மட்டும் ஆடப்படுவதில்லை. பதின்மூன்றாம் போர் என்ற கூத்தும் ஆடப்படுகிறது. அங்கே சக்கர வியூகத்துக்குள் தனியே அகப்பட்ட அபிமன்யுவைப் பலராகச் சூழ்ந்து கொன்றவர்களில் கர்ணனும் ஒருவன். பாரதத்தில் அந்தப் பிள்ளையின் வில்லை அறுத்தவன் அவனே. ஓர் ஆண்டு அபிமன்யுவுக்காக அவனைச் சபித்த சனம், இன்னோர் ஆண்டு அதே களரியைச் சுற்றி அமர்ந்து அவனுக்காகவே விடியும்வரை அழும். இந்த இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்திருக்கத் தெரிந்த சபைக்கு அரிஸ்டோட்டிலின் இடைப்பட்ட மனிதனை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. தேர்ச்சில்லைத் தூக்க அவகாசம் கேட்டு அறம் பேசும் கர்ணனிடம், பாஞ்சாலியைச் சபைக்கு இழுத்தபோதும் அபிமன்யுவைக் கொன்றபோதும் அந்த அறம் எங்கே போயிற்று என்று கண்ணன் கேட்பதாக வியாசர் எழுதுகிறார். கர்ணனிடம் அதற்குப் பதில் இல்லை, தலை குனிகிறான்.

ஈடிப்பஸுக்கும் அவனுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஈடிப்பஸ் தன் பிறப்பை இறுதியில் அறிகிறான். கர்ணனோ போருக்கு முன்பே அறிந்துவிடுகிறான். நீ குந்தியின் மூத்த மகன், அரசு உனக்கே உரியது என்று கண்ணன் சொன்னபின்னும், சோறிட்டவனைக் கைவிடமாட்டேன் என்று துரியோதனன் பக்கமே நிற்கிறான். தான் நிற்கும் பக்கம் தோற்கும் என்றும் அவனுக்குத் தெரியும். செஞ்சோற்றுக் கடன் என்று நாம் போற்றும் அந்த உறுதியே அவனைத் தம்பியருக்கு எதிரே நிறுத்துகிறது. அவனை உயர்த்திய கொடையே அவன் மேனியிலிருந்து கவசத்தையும் உரித்துக் கொடுக்கிறது. பிழை வேறு, பெருமை வேறு என்று பிரித்தெடுக்க முடியாத இந்தச் சிக்கலைத்தான் அவனுடைய பிழை என்று நான் சொல்வேன்.

தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் இதை உச்சத்துக்குக் கொண்டுபோகிறார். அந்தண வேடத்தில் வந்த கண்ணன் புண்ணியம் அனைத்தையும் கேட்கும்போது, "ஆவியோ நிலையிற் கலங்கியது, யாக்கை அகத்ததோ புறத்ததோ அறியேன்" என்கிறான் கர்ணன். வேண்டியதெல்லாம் தரக்கூடிய காலத்தில் நீ வரவில்லையே என்று வருந்துகிறான். பிறகு, அம்பு தைத்த புண்ணிலிருந்து வழியும் இரத்தத்தையே நீராக வார்த்துத் தானம் செய்கிறான். கூத்தை நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தைத் தணித்து, விருத்தத்தை இழுத்துப் பாடவிட்டு, பிற்பாட்டுக்காரர் அதைத் தாங்கிக்கொள்ளும்போது அந்த இடம் எப்படி இருக்கும் என்பதை உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. 1962இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கர்ணன் போரைச் சுருக்கி மேடையேற்றியபோது, கூத்தைக் கண்டிராத நகரத்துப் பார்வையாளரும் இந்த நாயகனைக் கண்டுகொண்டனர். இரவு முழுவதும் ஆடுவதைச் சில மணி நேரத்துக்குள் சுருக்கியதில் கூத்து எதை இழந்தது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அது வேறொரு இதழுக்கு.

கல்முனையிலிருந்து ஒரு வாசகர்: இராவணனைத் துன்பியல் நாயகன் என்று சொல்வது பிறன்மனை கவர்ந்தவனை நியாயப்படுத்துவது ஆகாதா?

ஆகாது. துன்பியல் நாயகன் என்பது நன்னடத்தைப் பத்திரம் அல்ல. இராவணன் செய்தது குற்றம் என்பதில் கம்பருக்கு ஒரு சொட்டும் ஐயமில்லை. இருந்தும் அந்தக் குற்றவாளியின் வீழ்ச்சியை அவர் சிறியதாக்கவில்லை. முதற்போரில் தோற்றவன் யானையோடு பொருத மார்பையும், மலையைத் தூக்கிய தோளையும் சொல்லி, "வீரமும் களத்தே போட்டு வெறுங்கையே மீண்டு போனான்" என்று முடிக்கிறார். அடுத்து, வானும் மண்ணும் பகைவரும் சிரிப்பார்கள் என்பதற்காக அவன் நாணவில்லை, "சானகி நகுவள் என்றே நாணத்தால் சாம்புகின்றான்" என்கிறார். அந்த ஓர் அடியில் அரக்கர்கோன் மறைந்து, ஒருத்தியின் சிரிப்புக்கு அஞ்சும் மனிதன் நம் முன் நிற்கிறான்.

சீதையை விட்டுவிடுமாறு இந்திரசித்து கடைசியாக வேண்டும்போது இராவணன் சொல்லும் பதில் இன்னும் ஆழமானது. இறந்தவர்களையோ, இருப்பவர்களையோ, மகனே உன்னையோ நம்பி அல்ல, "என்னையே நோக்கி யான் இந்நெடும்பகை தேடிக்கொண்டேன்" என்கிறான். தோற்றாலும் இராமன் பெயர் நிற்கும்வரை என் பெயரும் நிற்கும், "புகழுக்கும் இறுதி உண்டோ" என்றும் கேட்கிறான். தோல்வி வரும் என்று அறிந்தும், பழியைப் பிறர் தலையில் போடாமல் நிற்கிறான். கல்வி, தறுகண், புகழ்மை, கொடை என்ற நான்கும் பெருமிதத்தின் நிலைக்களங்கள் என்றும், இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கும் அழுகையின் நிலைக்களங்கள் என்றும் தொல்காப்பியர் சொன்னார். முதல் வரிசையில் உயர்ந்து நின்ற ஒருவனை இரண்டாம் வரிசைக்கு இறக்கிக் காட்டுவதே கம்பரின் யுத்த காண்டம்.

1964இல் சி. மௌனகுரு எழுதி, வித்தியானந்தன் நெறிப்படுத்திய இராவணேசன் வடமோடி ஆட்டத்தைக் கொண்டு இந்த வீழ்ச்சியையே அரங்கில் காட்டியது. பிற்காலத்தில் மட்டக்களப்பிலிருந்து அது மீண்டும் புதுக்கி ஆடப்பட்டபோது கண்ட உங்கள் ஊரவர்கள் இருப்பார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். சீதையைக் கவர்ந்தது சரி என்று எண்ணிக்கொண்டு ஒருவரும் வீடு திரும்பியிருக்கமாட்டார்.

செட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகி: எல்லா உதாரணமும் ஆண்களாகவே இருக்கிறதே! பெண்ணுக்கு இந்தத் தகுதி இல்லையா?

உண்டு. சொபோகிளிசின் அன்டிகனி, அரசனாகிவிட்ட கிரெயோனின் ஆணையை மீறித் தமையனின் உடலுக்கு மண் இட்டு, அதற்காக உயிரைக் கொடுக்கிறாள். ஆனால் தன் பிழையைக் காலம் கடந்து உணர்ந்து, மகனையும் மனைவியையும் இழந்து நிற்பவன் கிரெயோன். ஆகவே அந்நாடகத்தின் நாயகன் யார் என்று இன்றும் சண்டை நடக்கிறது. என்னைக் கேட்டால், அரிஸ்டோட்டிலின் வரையறை கிரெயோனைக் கைகாட்டுகிறது, நம் மனம் அன்டிகனியின் பின்னால் போகிறது.

இன்னொரு கிரேக்க நாடகாசிரியரான யூரிப்பிடிஸ் கிறிஸ்துவுக்கு முன் 431இல் மேடையேற்றிய மீடியாவோ இன்னும் கடினமானவள். தன்னைக் கைவிட்ட கணவனைப் பழிவாங்கப் பெற்ற பிள்ளைகளையே கொல்லப்போகும் நேரத்தில், தான் செய்யவிருப்பது எவ்வளவு கொடிது என்று அறிவேன், ஆனால் என் சினம் என் சிந்தனையைவிட வலியது என்கிறாள்.

கண்ணகியைத்தான் நீங்கள் மனத்தில் வைத்துக் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் ஊரில் அம்மன் கோயில் இருக்கும்போது வேறெப்படிக் கேட்க முடியும்! ஆனால் கண்ணகி வீழ்பவள் அல்லள். வழக்கில் வென்று, மதுரையை எரித்து, பதினான்காம் நாள் கோவலனோடு வானவூர்தி ஏறுகிறாள். அவளுடைய வெம்மை தணியக் குளிர்த்தி பாடுகிறோமே தவிர, அவள் விதியை எண்ணி இரங்குவதில்லை. மீடியாவும் இறுதியில் சூரியதேவனின் தேரேறித்தான் தப்பிச் செல்கிறாள். அப்படி வானத்திலிருந்து தேரை இறக்கிக் கதையை முடிப்பது கதையின் உள்ளிருந்து எழாத முடிவு என்று அரிஸ்டோட்டில் குறைசொன்னார். செட்டிபாளையத்தில் அவர் அப்படிச் சொல்லியிருக்க முடியாது.